ஏழாம் படிவம் போடாத சங்கம்: ஒன்பது மாத அலைச்சல்

பதிவாளர் அலுவலகக் கணக்குப்படி எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவராக இன்னும் இருப்பவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. செயலாளர் வீட்டை விற்றுவிட்டுக் கோவைக்குக் குடிபோய்விட்டார். பொருளாளர் மட்டும் அதே தெருவில்தான் இருக்கிறார். ஆனால் தான் இன்னும் பொருளாளர் என்பது அவருக்கே தெரியாது.

குன்னூர், கோத்தகிரி நடுவே ஒரு சரிவில் 42 வீடுகள். 2011-ல் பதிவு செய்த சங்கம். நடுவில் மூன்று முறை நிர்வாகிகள் மாறினார்கள். ஒவ்வொரு முறையும் சால்வை போட்டோம், டீயும் வர்க்கியும் கொடுத்தோம். நிர்வாகிகள் மாறியதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம் 7 மட்டும் போடவில்லை.

இது வெளியே வந்தது ஒரு தடுப்புச்சுவரால். வடகிழக்குப் பருவமழையில் படிக்கட்டுப் பாதை ஓரம் மண் சரிந்தது. அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தில் சுவர் கட்டலாம் என்றார்கள். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். வீட்டுக்கு வீடு வசூலித்து முடித்தாயிற்று. டி.டி. சங்கத்தின் பெயரிலேயே எடுப்பது என்று முடிவு. வங்கிக்குப் போனால் கணக்கு முடங்கிக் கிடக்கிறது. இரண்டு வருடம் வரவு செலவு எதுவும் இல்லையென்றால் செயல்படாத கணக்கு ஆகிவிடும். பத்து வருடம் அப்படியே விட்டால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், பிறகு கேட்டு வாங்க வேண்டும். எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

வங்கிக் கிளையில் முதல் நாள் சொன்னது: "பழைய கையெழுத்துக்காரர்கள் இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போடட்டும்." ஒருவர் இறந்துவிட்டார் என்றோம். "அப்போ அவங்க வாரிசு வரட்டும்." சங்கப் பணத்துக்கு வாரிசு எங்கிருந்து வருவார்? அரை நாள் வீண். மேலாளரை நேரில் பார்த்த பிறகுதான் சரியான பட்டியல் கிடைத்தது: பதிவுச் சான்றிதழ், துணைவிதி நகல், பான் அட்டை, புதிய நிர்வாகிகள் தேர்வான தீர்மானத்தின் நகல், பதிவாளர் ஏற்றுக்கொண்ட படிவம் 7-ன் சான்றிட்ட நகல், கையெழுத்திடுபவர்களின் ஆதார், பான். கவுன்டரில் வாயால் சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள். கிளையின் முத்திரையோடு எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால், நீங்களே பட்டியலை எழுதிக் கொடுத்து "இவை போதுமா?" என்று கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலில் 'பெற்றுக்கொண்டோம்' கையெழுத்து வாங்குங்கள்.

பட்டியலில் மற்ற எல்லாம் ஒரு வாரத்தில் சேர்ந்துவிட்டது. ஏழாம் படிவத்துக்குத்தான் மீதி எட்டு மாதம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று எங்களில் யாரும் அதுவரை படித்ததில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். உறுப்பினர்கள் 20-ஐத் தொட்டாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம். வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் வாங்கும் சின்னத் தெருச் சங்கம்கூட இந்த வரம்பைத் தாண்டிவிடும். செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அதே ஆட்களை மறுபடி தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டும். "அவரே இருக்கட்டும்" என்று கைதட்டிவிட்டுக் கலைவது தேர்தல் ஆகாது, அது மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். நிர்வாகிகள் மாறினால் மூன்று மாதத்துக்குள் படிவம் 7. நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், பொதுக்குழு. அதன்பின் ஆண்டறிக்கை: தணிக்கை செய்த கணக்கு, உறுப்பினர் பட்டியல், சங்கம் அந்த ஆண்டு இயங்கியது என்ற உறுதிமொழி. இந்த உறுதிமொழி ஒரே ஒரு தாள்தான். எல்லாரும் மறப்பதும் அதைத்தான்.

எங்கள் கோப்பில் ஆண்டறிக்கை இரண்டே வருடத்துக்குத்தான் இருந்தது. நினைவூட்டல் ஏதாவது வந்திருந்தாலும் எங்கள் கைக்கு வந்திருக்காது. பதிவு முகவரி பழைய செயலாளரின் வீடு. அங்கே இப்போது வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சங்கம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. முகவரி மாறினால் அதற்குத் தனி அறிவிப்பு கொடுக்க வேண்டும், வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம், சொத்துவரி ரசீது வைத்து. புதிதாகப் பதிவு செய்பவர்கள் அப்போதைய செயலாளரின் வீட்டை முகவரியாகக் கொடுக்காமல், தெருவைவிட்டு நகராத ஒருவரின் சொந்த வீட்டைக் கொடுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் பிரிவு 17 நிலங்களில் (ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் கீழ் உரிமை இன்னும் தீராத நிலங்கள்) இருப்பவர்களுக்கு இதுவே பெரிய பாடு. பட்டா கிடையாது, மின் இணைப்புக்கே வருடக்கணக்கில் போராட்டம். அங்கே ஆவணம் கையில் உள்ள ஏதாவது ஒரு கட்டடத்தைப் பார்த்து முகவரி வைப்பதைத் தவிர வழியில்லை.

சரி, பழைய பாக்கியை எப்படித் தீர்ப்பது? பதிவாளர் அலுவலகத்தில் இருந்த எழுத்தர் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். ஏழாம் படிவம் சங்கிலி மாதிரி. 2011 செயற்குழுவிலிருந்து நேரே இன்றைய செயற்குழுவுக்குத் தாவ முடியாது. நடுவில் நடந்த ஒவ்வொரு மாற்றமும் வரிசையாக ஏற வேண்டும். யார் போனார், எந்தத் தேதி, ஏன்: பதவிக்காலம் முடிவா, ராஜினாமாவா, மரணமா. மரணம் என்றால் இறப்புச் சான்றிதழ் நகல். ராஜினாமா என்றால் கடிதம், அதை ஏற்ற தீர்மானம். யார் வந்தார், எந்தப் பொதுக்குழுவில், அதன் மினிட்ஸ் எங்கே?

மினிட்ஸ் புத்தகம் பரணில் கிடைத்தது. பாதிப் பக்கம் பூசணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த மலையில் காகிதத்தைக் காப்பது தனி வித்தை. அந்துருண்டை பூச்சியைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, தரையிலும் வெளிச்சுவரிலும் படாமல் உயரத்தில் வையுங்கள். வெயில் அடிக்கும் ஜனவரியில் ஒரு நாள் பிரித்து உலர்த்துங்கள். அதைவிட முக்கியம், ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் பக்கத்தைக் கைபேசியில் ஸ்கேன் செய்து மூன்று பேரிடம் வைத்திருப்பது.

"பழைய தேதி போட்டு எழுதிக்கலாம், எல்லாரும் அதைத்தான் பண்றாங்க" என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். செய்யாதீர்கள். தர்மம் நியாயம் எல்லாம் அப்புறம், முதலில் மாட்டிக்கொள்வீர்கள். பழைய தேதியிட்ட வருகைப் பதிவில் அந்த வருடம் ஊரிலேயே இல்லாதவர் கையெழுத்து இருக்கும், அல்லது இறந்தவர் முன்மொழிந்திருப்பார். சங்கத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எதிராகத் திரும்பினால் சட்டத்தின் 36-ஆம் பிரிவில் விசாரணை கேட்கலாம், பதிவாளர் தானாகவும் விசாரிக்கலாம். கூட்டம் நடக்காத காலத்துக்கு, நடக்கவில்லை என்றே எழுதினோம். அதற்கான காரணத்தோடு தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு, ஆண்டுவாரியாகத் தாமதக் கட்டணம். தொகை வலித்தது. ஆனால் அந்தப் பகுதி நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்தது.

கணக்குத் தணிக்கைதான் இழுத்தது. மண் அள்ளியது, படி கழுவியது, ஜீப்பில் குழாய் ஏற்றியது என்று எல்லாமே பில் இல்லாத கைச்செலவு. இதற்கு வவுச்சர் போதும்: தேதி, வேலை, எத்தனை ஆள், கூலி, வாங்கியவர் கையெழுத்து. 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து. வவுச்சரே இல்லாத வருடங்களுக்கு வங்கி ஸ்டேட்மென்ட்டை வைத்துத்தான் கணக்கைக் கட்டினோம். பழைய வருட ஸ்டேட்மென்ட்டுக்கு வங்கி தனிக் கட்டணம் வாங்கியது. ஆடிட்டர் தன் குறிப்பில் 'வவுச்சர் காட்டப்படவில்லை' என்று எழுதுவார். எழுதட்டும். அதை அழிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம்.

அடுத்தது பொதுக்குழு. யார் கூட்டுவது? பதவிக்காலம் முடிந்த செயற்குழு. தலைவர் இல்லை, செயலாளர் ஊரில் இல்லை. அந்தப் பொருளாளரைப் பிடித்தோம். பதிவேட்டில் பெயர் உள்ள, கையெழுத்துப் போட முடிகிற ஒருவர் இருப்பது பெரிய விஷயம். உறுப்பினர்களின் வேண்டுகோள் கடிதத்தை இணைத்து அவர் பெயரிலேயே அறிவிப்பு போனது.

யாருக்கு அனுப்புவது என்பதில் அடுத்த முடிச்சு. பதிவேட்டில் உள்ள உறுப்பினர்கள் 31 பேர், அதில் 12 பேர் இப்போது இங்கே இல்லை. இப்போதுள்ள 42 வீட்டில் பாதிப் பேர் சந்தா கட்டுகிறார்கள், வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுகிறார்கள், ஆனால் உறுப்பினராகச் சேர்த்த தீர்மானம் எதிலும் அவர்கள் பெயர் இல்லை. ஆகவே பழைய 31 பேருக்கும் அவர்கள் கொடுத்த கடைசி முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட். 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வந்த கவர்களைப் பிரிக்காதீர்கள். அறிவிப்பு அனுப்பினோம் என்பதற்கு ஒட்டிய கவர்தான் சாட்சி. ஆர்வக்கோளாறில் எங்கள் ஆள் இரண்டைப் பிரித்துவிட்டார். கூட்டத்தின் முதல் தீர்மானமாகப் புதியவர்களைச் சேர்த்துவிட்டுப் பிறகு தேர்தல்.

முதல் கூட்டம் செல்லுபடியாகவில்லை. 21 நாள் அறிவிப்பு வேண்டும். நாங்கள் அனுப்பிய தேதியையும் கூட்டத் தேதியையும் சேர்த்து எண்ணி 21 கொண்டுவந்திருந்தோம். ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து விரல்விட்டு எண்ணிக் காட்டினார். வந்த 23 பேரும் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். இரண்டு தேதியையும் கழித்து 21 இருக்க வேண்டும். மலையில் தபால் ஒரு நாள் தள்ளிப்போவது சகஜம், 25 நாளாக வைத்துக்கொள்ளுங்கள். மாதமும் பார்த்து வையுங்கள். ஏப்ரல், மே சீசனில் வெளியூர்ப் பிள்ளைகளும் விருந்தாளிகளும் வந்து கிடப்பார்கள், சாலையும் நகராது. எங்கள் சரிவில் பெருமழை அக்டோபருக்கு மேல்தான், அதற்குள் செப்டம்பர் 30 கெடுவே முடிந்துவிடும். ஜூலை ஞாயிறு எங்களுக்குச் சரி. உதகை, கூடலூர் பக்கம் ஜூலையில்தான் கொட்டும், அவர்கள் செப்டம்பரைப் பார்க்கலாம்.

இரண்டாவது கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மினிட்ஸில் அறிவிப்பு அனுப்பிய தேதி, குறைவெண் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது), வந்தவர் எண்ணிக்கை, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என எல்லாம் ஏற்றினோம். படிவம் 7-ஐத் தாக்கல் செய்யப் போனால் ஒரு திருத்தம்: புதிய செயலாளரின் இனிஷியல் ஆதாரில் பின்னால், எங்கள் தாளில் முன்னால். அதே நாளில் வீட்டுக்கு வந்து, தாளைத் திருத்தி, கையெழுத்து வாங்கி, மறுநாள் மறுபடி பஸ். எல்லாருடைய பெயரையும் ஆதாரைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். சங்கத்தின் பெயருக்கும் இதே கதைதான். சான்றிதழில் 'சங்கம்', பான் அட்டையில் 'அசோசியேஷன்' என்று இருந்தால் வங்கி திருப்பி அனுப்பும். பான் விண்ணப்பத்தில் டிரஸ்ட் என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுத் திருத்தத்துக்கு அலைபவர்களும் உண்டு. நம்மைப் போன்ற சங்கம் 'நபர்களின் கூட்டமைப்பு' என்ற வகையில் வரும்.

சான்றிட்ட நகல் கைக்கு வந்தபோது மூன்றாகவே வாங்கிவிட்டோம். வங்கிக்கு ஒன்று, பேரூராட்சிக்கு ஒன்று, டப்பாவுக்கு ஒன்று. வங்கியில் இந்த முறை பேச்சே இல்லை. பத்து நாளில் கணக்கு உயிர்பெற்றது, டி.டி.யும் எடுத்தாயிற்று. செக் புத்தகம் மட்டும் வரக் காணோம். கேட்டால், கையெழுத்துக்காரர்களைத்தான் மாற்றியிருக்கிறார்கள், முகவரி மாற்றத்துக்குத் தனி விண்ணப்பமாம். புத்தகம் பழைய செயலாளரின் வீட்டுக்குப் போயிருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்கள் 'அப்படி யாரும் இல்லை' என்று தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.