ஒரு சொல்லில் உடையும் வழக்கு

இலங்கையில் போர்க்காலப் பாலியல் வன்முறை என்றால் போர் நடந்த வன்னியோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள் எத்தனை பேர்! போர் முடிந்து சொந்தக்காரரைத் தேடித் தோட்டத்துக்கே திரும்பிய பெண்ணுக்கு, வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்காமல் பேசவே இடமில்லை.

வழக்கு உடையும் இடம் எது என்று கேட்டால், முதல் வாக்குமூலம் என்போம். அவள் தமிழில் "பொழுதுபட்ட பிறகு" என்கிறாள். பொலிஸ் புத்தகத்தில் அது சிங்களத்தில் "ஹவஸ" (மாலை) என்று ஏறுகிறது. பின்னேரம் நாலு மணியும் ஹவஸதான். ஆண்டுகள் கழித்து எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைப் பிடித்து முரண்பாடு என்று குறித்துவிடுவார். ஆகவே அவளுக்குத் துணையாகப் போகிறவர்கள் தமிழிலேயே எழுதும்படி கேளுங்கள். தமிழும் அரசகரும மொழிதான். முடியாதென்றால் மொழிபெயர்த்தவரின் பெயரும் பதியப்படட்டும். வரிவரியாக வாசிக்கச் சொல்லி, பிழையைத் திருத்திய பிறகே கையெழுத்து.

"எந்தத் திகதி?" என்று கேட்காதீர்கள். தருமபுரத்தில் இருந்தபோதா, விசுவமடுவுக்குப் போன பிறகா, பங்கர் எங்கே வெட்டினீர்கள் என்று இடப்பெயர்வு வரிசையில் கேட்டால் நினைவு தானே வரும். சீருடை, வாகனம், முகாம் வாசல், மற்றவர்கள் அவனை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதையும் கேளுங்கள். மேலதிகாரிவரை பொறுப்பைக் கொண்டுபோக இவைதான் பிடி. வருகிற அமைப்புக்கெல்லாம் முழுக்கதையையும் சொல்லவைப்பது கொடுமை. ஐந்து பதிவு இருந்தால் ஐந்து முரண்பாடு.

உடலில் காயம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 1995 திருத்தத்திலேயே அது இருக்கிறது. ஆண்களுக்கு நடந்ததைச் சட்டம் வன்புணர்வு என்று சொல்லாது, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்றே 365பி பிரிவில் வரும்.

விசுவமடுவில் 2010இல் நடந்த குற்றத்துக்கு யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் 2015இல் நான்கு படையினரைக் குற்றவாளிகளாகக் கண்டது. 2019இல் மேன்முறையீட்டில் விடுதலையானார்கள். கொலையும் தேசத்துரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்குப் பொதுவாக 20 ஆண்டுகளில் வழக்குத் தொடரும் உரிமை காலாவதியாகும். போர் முடிந்த 2009 மே மாதத்தில் நடந்ததற்கு அந்தக் கெடு 2029 மே.

வழக்குக்குச் சான்றாகக்கூடிய பழைய கிளினிக் துண்டுகளையும் கவனியுங்கள். அடைமழை மாதங்களில் லயத்துச் சுவரே வியர்க்கும். பொலித்தீன் பையில் கட்டி வைத்த துண்டு பூசணம் பிடித்து மை கலங்கிவிடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள், அடுப்புக்கு மேலே வேண்டாம். இரண்டு பக்கமும் படம் எடுங்கள், வீட்டார் எல்லோரும் நோண்டும் போனில் மட்டும் எடுக்காதீர்கள்.