குடியியல் கொப்பியில் இல்லாத பிரித்தானியா

ஒற்றையாட்சிக்கு உதாரணம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு 'பிரித்தானியா' என்று எழுதிப் புள்ளி வாங்கிய தலைமுறை நம்முடையது. வட அயர்லாந்துக்கு 1921 முதல் 1972 வரை தனிப் பாராளுமன்றம் இருந்ததை நம் குடியியல் வாத்தியார் சொன்னதாக நினைவில்லை. இன்று ஸ்கொட்லாந்தின் எடின்பரோ, வேல்ஸின் கார்டிஃப், வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் மூன்று தலைநகரங்களிலும் சட்டம் இயற்றுகிறார்கள்.

இப்படிப்பட்ட நாட்டில் பிராந்தியங்களுக்குச் சபை வேண்டுமா என்றால், வேண்டும். ஆனால் அதன் உயிர் அதிகாரப் பட்டியலில் இருக்கிறது. 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்கொட்லாந்துக்கு எது இல்லை என்பதை மட்டும் எழுதியது: பாதுகாப்பு, வெளியுறவு, குடிவரவு, நாணயம் போன்றவை. எழுதாத அனைத்தும் எடின்பரோவுக்கு. வேல்ஸுக்கோ தலைகீழ், கொடுத்ததை மட்டும் எழுதினார்கள். 1997 வாக்கெடுப்பில் வெறும் 6,721 வாக்கு வித்தியாசத்தில் கிடைத்த சபைக்கு ஆரம்பத்தில் துணைவிதிகள் ஆக்கும் அதிகாரம்தான். 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் ஒவ்வொரு விடயத்துக்கும் லண்டனிடம் தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 2011 வாக்கெடுப்பில் 63.5 வீதத்தினர் 'ஆம்' என்ற பிறகே 20 துறைகளில் நேரடியாகச் சட்டம் இயற்ற முடிந்தது.

அதிலும் சிக்கல். விவசாயத் தொழிலாளர் சம்பளச் சபையை லண்டன் ஒழித்தபோது, வேல்ஸ் தனக்கென அந்த ஏற்பாட்டைத் தொடரச் சட்டம் கொண்டுவந்தது. இது தொழில் உறவு, உங்களுக்குரியதல்ல என்றது லண்டன். விவசாயம் எங்களுடையது என்றது கார்டிஃப். 2014இல் உச்ச நீதிமன்றம் வேல்ஸின் பக்கம் தீர்த்தது. சட்டம் விவசாயம் பற்றியதாக இருந்தால் போதும், பட்டியலில் இல்லாத தொழில் உறவையும் அது தொடலாம் என்பது தீர்ப்பின் சாரம். ஒரு சம்பளச் சட்டத்துக்கு இவ்வளவு வழக்கா! 2017ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸையும் ஸ்கொட்லாந்தின் முறைக்கு மாற்றியது.

அதிகாரமில்லாத சபையை மக்களே வேண்டாம் என்பார்கள். 2004 நவம்பரில் இங்கிலாந்தின் வடகிழக்கில் பிராந்திய சபை வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் 77.9 வீதத்தினர் அதை நிராகரித்தனர். சட்டம் இயற்றாத சபை அது. எதிர்ப்பாளர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோன, வீண் செலவின் சின்னமான காற்றடைத்த வெள்ளை யானை பொருத்தமாகத்தான் இருந்தது.

பணம் அடுத்த முடிச்சு. லண்டன் பணம் பகிரும் பார்னெட் சூத்திரப்படி இங்கிலாந்தில் ஒரு துறைச் செலவு கூடினால், மக்கள்தொகை விகிதப்படி மற்ற மூன்றுக்கும் கூடும்; குறைந்தால் குறையும். ஆகவே கார்டிஃபின் மருத்துவமனைப் பணத்தை லண்டனின் முடிவே பெருமளவு தீர்மானிக்கிறது. ஸ்கொட்லாந்து 2017 முதல் சம்பள வருமான வரி விகிதங்களையும் படிநிலைகளையும் தானே வகுப்பதால் கொஞ்சம் மூச்சுவிடுகிறது.

நம் இலங்கையின் ஏற்பாடு அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம். அதில் மாகாணத்துக்கு ஒரு பட்டியல், மத்திக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒருங்கிய நிரல். இந்த மூன்றாவதில் மத்தி கைவைத்தால் மாகாணத்தின் சட்டம் நிற்காது. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013இல். 2018 ஒக்டோபரில் காலம் முடிந்து, ஆண்டுகள் கடந்தும் தேர்தல் வைக்காமல் ஆளுநர் கையில் நிர்வாகம் போனது. ஸ்கொட்லாந்து, வேல்ஸ் சபைகளை அங்குள்ள மக்களின் வாக்கெடுப்பு இன்றி ஒழிக்கக் கூடாதென 2016, 2017 சட்டங்கள் சொல்கின்றன. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றம் நினைத்தால் அந்த வரிகளையும் மாற்றலாம்தான்; ஆனால் அதைப் பகிரங்கமாகச் செய்ய வேண்டியிருக்கும். இங்கே போல, தேர்தலை வைக்காமல் விட்டுவிட்டு அங்கே ஒரு சபையை மறக்கடிக்க முடியாது.