அம்மாவுக்கு லைஃப் சர்டிபிகேட் எடுத்த கதை

"ஏஞ்சாமி, இந்த மாசம் பென்சன் ஏறலையே" என்று அம்மா சொன்னபோது, பேங்கில் லேட்டாகியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதமும் ஏறவில்லை.

அம்மா சூலூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இருபது வருடத்துக்கு மேல் ரீலிங்கில், அதாவது நூலைச் சிட்டமாகச் சுற்றும் பிரிவில் இருந்தவர். 1995-ல் வந்த பி.எஃப். பென்சன் திட்டம்தான் அவருக்கு, மாதம் ஆயிரத்துச் சொச்சம். குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள், அதற்கப்புறம் அரிசி விலை எங்கே போனதென்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அது அம்மாவின் சொந்தக் காசு, மாத்திரைக்கும் மார்கழிக் கோயிலுக்கும் என்னிடம் கேட்க மாட்டார்.

தப்பு எங்களுடையதுதான். பென்சன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் லைஃப் சர்டிபிகேட்டை, அதாவது உயிர்வாழ் சான்றை, நவம்பரில் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு நவம்பருக்காகக் காத்திருந்தோம். அது மத்திய அரசுப் பென்சன்காரர்களுக்கு. பி.எஃப். பென்சனுக்கு எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். அம்மா போன தடவை கொடுத்தது ஆகஸ்டில், அதனால் நவம்பருக்கு முன்பே காலாவதியாகிவிட்டது.

சரி என்று ஆதார், பேங்க் புத்தகம், பி.பி.ஓ. என்கிற பென்சன் உத்தரவு எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். ரேகை மெஷினில் கட்டைவிரலை வைத்தால் சிவப்பு, ஆள்காட்டி விரலை வைத்தாலும் சிவப்பு. கையைக் கழுவி, துடைத்து, துளி தேங்காயெண்ணெய் தடவி, பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. "பாட்டிக்கு ரேகையே விழமாட்டேங்குதுங்க" என்றார் அந்தத் தம்பி. எப்படி விழும், அத்தனை வருடம் நூலைப் பிடித்துப் பிடித்தே விரல்நுனி வழவழவென்று ஆகிக் கிடக்கிறது. பென்சன் கொடுக்கிற வேலையே ரேகையைத் தின்றுவிட்டது, அதே ரேகையைக் காட்டினால்தான் பென்சன்.

தபால்காரரை வீட்டுக்கே வரச் சொல்லலாம், அப்போது அதற்கு 70 ரூபாய் கட்டணம். வந்தார், அவர் மெஷினிலும் அதே கதை, காசு வாங்கவில்லை. போகும்போது "முகத்தை வெச்சும் எடுக்கலாங்க, உங்க போன்லயே ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ரெண்டு ஆப் வேண்டும்: முகத்தைச் சரிபார்க்க ஆதார் ஃபேஸ் ஆர்டி, சான்று எடுக்க ஜீவன் பிரமாண். முதலில் போன் வைத்திருப்பவர், அதாவது நான், ஆப்பரேட்டராக என் ஆதாரையும் முகத்தையும் காட்டிப் பதிய வேண்டும், இது ஒரே தடவைதான். அப்புறம் அம்மாவின் ஆதார் எண், ஓ.டி.பி., பி.பி.ஓ. எண், அக்கவுண்ட் எண். நடுவில் மறுமணம் ஆகிவிட்டதா என்று ஒரு கேள்வி வேறு. படித்துக் காட்டினேன், எழுபத்தி நாலு வயதில் அம்மா சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

முகம் எடுப்பதுதான் பெரும்பாடு. உள்ளே வெளிச்சம் போதவில்லை, வாசலில் நின்றால் வெயில் பின்னாலிருந்து அடிக்கிறது. கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது ஆப், அம்மாவோ ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுப்பதுபோல் இமைக்காமல் நிற்கிறார். கண்ணாடியைக் கழற்றி, வேப்பமர நிழலில் சேரைப் போட்டு உட்காரவைத்து, "அம்மா, கண்ணச் சிமிட்டுங்க" என்று நாலாவது தடவை சொன்னபோது பச்சை வந்தது. பிரமாண் ஐ.டி., அதாவது சான்றின் எண், மெசேஜில் வந்தது.

அதோடு விட்டுவிடாதீர்கள். ஐ.டி. வந்தாலே ஏற்றுக்கொண்டதாக அர்த்தமில்லை, பென்சன் கொடுக்கும் துறையைத் தப்பாகத் தேர்ந்திருந்தால் பின்னால் நிராகரித்துவிடுவார்கள். நான் நாலைந்து நாள் கழித்து ஸ்டேட்டஸ் பார்த்துக்கொண்டேன். நின்ற மாதங்களுக்கும் சேர்த்தே பணம் ஏறியது.

இப்போது அம்மாவோடு ரீலிங்கில் இருந்த ரெண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா இப்போதே அவர்களுக்குப் போனில் சிமிட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.