அரிசி வாங்க வந்த அம்மாக்கள்

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. எங்கள் பள்ளியில் அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2020 மார்ச்சில் பள்ளியை மூடிய பிறகுதான் "உங்க வீட்ல அரசு கேபிளா, டிஷ்ஷா?" என்று வீடு வீடாகக் கேட்க ஆரம்பித்தோம்.

குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களில் நிறையப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். அப்பாக்கள் லுங்கித் தறியில் இருப்பார்கள், இல்லையென்றால் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போவார்கள். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவின் சட்டைப் பையில். வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். காலை வணக்கப் படங்கள்தான் குவிந்தன. பாட வீடியோ அனுப்பினால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நாலைந்து பேர் பார்ப்பார்கள். ஓர் அம்மாவிடம் கேட்டேன். "இன்னா சார் பண்றது, அவுரு வந்தாதான் போனு. வர்றதுக்குள்ள இவன் தூங்கிடறான்" என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

வீடியோவை விட்டுவிட்டுக் குரல் பதிவுக்கு மாறினோம். டேட்டா குறைவாகத்தான் தின்னும், திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியதும் இல்லை. பயிற்சித் தாள் கொடுக்கப் போன ஒரு வீட்டில் அது எப்படிக் கேட்கப்படுகிறது என்று பார்த்தேன். அம்மா மடியில் முறம். வெட்டிய இலையில் தூளை வைத்துச் சுருட்டிப் பக்கத்தில் போடுகிறார். பையன் அதை எடுத்து முனையை மடிக்கிறான். சுவரில் சாய்த்து வைத்த போனில் என் குரல் பின்னங்களைக் கூட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பையன் கை நிற்காமலே விடை சொன்னான், சரியான விடை. எனக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. படிக்கிற பிள்ளையின் கையில் பீடி இருப்பதை ஆசிரியர் பார்த்துவிட்டுச் சும்மா வரலாமா என்று நீங்கள் கேட்கலாம். சும்மா வரவில்லை, பேசிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் ஊரடங்கில் அப்பாவுக்குத் தறி ஓடாத வீடு அது.

ஆனால் பள்ளியையும் ஊரையும் விட்டுப்போகாமல் கட்டி வைத்தது போன் இல்லை, சத்துணவு அரிசி. சமைத்துப் போட முடியாததால் அரிசியும் பருப்பும் உலர் பொருளாக வீட்டுக்கே தரப்பட்டன. கொஞ்ச நாள் கழித்து முட்டையும் சேர்ந்தது. கொடுப்பது சத்துணவு அமைப்பாளரின் வேலை. எங்கள் தலைமை ஆசிரியர்தான், "அவங்க பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு நீங்களும் உக்காருங்க சார்" என்றார். அவர் சொன்னவற்றிலேயே இதுதான் உருப்படியான யோசனை என்று இன்றும் நினைக்கிறேன்.

குழுவில் வாயே திறக்காத வீடெல்லாம் அன்றைக்கு ஒயர் கூடையோடு வரிசையில் நின்றது. அம்மா வராவிட்டால் பாட்டி, பாட்டி வராவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா. நான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். பாடத்தைப் பற்றிக் கேட்டால் "படிக்கிறான் சார்" என்ற ஒரே பதில்தான் வரும் என்பதால் அதைக் கேட்கவே மாட்டேன். பகலில் பிள்ளை யாரோடு இருக்கிறான், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான் என்று ஆரம்பிப்பேன். பேச்சு தானாக நீளும். ஏழாம் வகுப்புப் பையன் வெல்டிங் பட்டறைக்குப் போவது அப்படித்தான் தெரிந்தது. எட்டாவது முடித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று அடுத்த தெருப் பாட்டி காதோடு சொல்லிவிட்டுப் போனதும் அங்கேதான். தலைமை ஆசிரியர் அந்த வீட்டுக்கே போய் உட்கார்ந்து, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் பேச்சோடு பேச்சாக எடுத்தார். கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது. எங்களிடம் கேட்ட படிவங்களில் குழுவில் எத்தனை பேர் என்பதற்குக் கட்டம் இருந்தது. வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இல்லை.

இதிலும் பிடிபடாதவர்கள் உண்டு. 2020 ஆகஸ்டில் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் வகுப்பறைக்குள் கால் வைத்தது 2021 நவம்பர் 1-இல், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாக. ஆறாம் வகுப்பு என்ற ஒன்றை அவர்கள் பார்க்கவே இல்லை. அப்பா அம்மா முகம் எனக்கு அத்துப்படி, பிள்ளை முகம் தெரியாது. பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொல்லி, "ஓ, நீதான் அந்தப் பாட்டியோட பேரனா" என்று ஒவ்வொருவராக அடையாளம் பிடித்தேன். தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டுவதே மறந்திருந்தது. பள்ளி திறந்த கையோடு மழை விடுமுறை வேறு. அந்த நவம்பரில் கவுண்டன்ய மகாநதியில் வெள்ளம்.

2022 ஜனவரியில் ஒமிக்ரான் என்று மறுபடியும் மூடினார்கள். இந்த முறை கூட்டத்தில் யாரும் வீடியோ வகுப்பு என்று பேச்செடுக்கவில்லை. தெரு வாரியாகப் பெயர்களைப் பிரித்து, ஆளுக்கு ஒரு தெரு என்று எடுத்துக்கொண்டோம். தெருவிலேயே பாடம் சொல்லித்தரும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்குத் தன்னார்வலராக வந்திருந்த எங்கள் பழைய மாணவி ஒருத்தி, பட்டியலைப் பார்த்ததும் தறிக்காரர் தெருவைத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "அங்க எல்லாரும் எங்க சொந்தம்தான் சார், டிமிக்கி குடுக்க முடியாது" என்றாள்.