ஒரு சொல், ஒரு தாள்: அரசியலமைப்பு மாற்று வரைவுக்குக் கருத்துக் கேட்ட அனுபவம்

மலேசிய அரசியலமைப்புக்கு நாங்கள் ஒரு மாற்று வரைவு எழுதி, அதற்கு மக்களிடம் கருத்துக் கேட்டோம். கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நடந்த முதல் இரண்டு கூட்டங்களில் முழு வரைவையும் கையில் கொடுத்து, "படிச்சுப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்க" என்றோம். 183 வரை எண்ணிட்ட விதிகள், 13 அட்டவணைகள். யாரும் பத்துப் பக்கம் தாண்டவில்லை. சிவப்பு அடையாள அட்டை (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தருவது), தமிழ்ப்பள்ளி நிலம், பிள்ளைகளின் மேற்படிப்பு என்று மனக்குறைகளைத்தான் கொட்டினார்கள். எல்லாம் நியாயமான குறைகள். ஆனால் எந்த விதியின் எந்த வரியில் அவற்றைச் சேர்ப்பது? எங்கள் கேள்வி பொதுவாக இருந்ததால் பதிலும் பொதுவாக வந்தது.

மூன்றாம் கூட்டத்திலிருந்து ஒரு விதிக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொண்டோம். ஒரு கூட்டத்துக்கு இரண்டு விதிக்கு மேல் கிடையாது. A4 தாளைக் குறுக்காக வைத்து மூன்று பத்தி: இடப்பக்கம் இப்போதுள்ள வாசகம், நடுவில் எங்கள் வாசகம், வலப்பக்கம் எழுதுவதற்குக் காலி இடம். மலாயும் தமிழும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்க வேண்டும். பேரப்பிள்ளை மலாயைப் படிக்கும், தாத்தா தமிழைப் படிப்பார், பேச்சு தானாகத் தொடங்கிவிடும். எழுத்தளவு 14. மாறிய சொல்லைச் சிவப்பில் காட்டாதீர்கள், போட்டோஸ்டேட்டில் வித்தியாசமே தெரியாது. அடிக்கோடு போடுங்கள்.

தாளின் உச்சியில், அந்த விதியை மாற்ற என்ன தேவை என்பதையும் ஒரு வரியில் எழுதினோம். மக்களவையில் 222இல் 148 வாக்கு, மேலவையில் 70இல் 47. குடியுரிமைப் பகுதி, தேசிய மொழி பற்றிய 152, மலாய்க்காரர் மற்றும் சபா, சரவாக் பூர்வகுடியினரின் சிறப்பு நிலை பற்றிய 153 போன்ற விதிகளுக்கு 159(5)இன்படி மாநில ஆட்சியாளர்கள் கூடும் ஆட்சியாளர்கள் மன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். இந்த வரி இருந்தால், "நாளைக்கே மாத்திடுவாங்களா?" என்று கேட்டுக் கூட்டம் திசைமாறுவதில்லை.

நல்ல விவாதம் நடந்தது 10ஆவது விதித் தாளில்தான். பேச்சுரிமைக்கு நாடாளுமன்றம் "தேவையெனவோ உசிதமெனவோ கருதும்" கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்கிறது 10(2). "உசிதம்னா யாருக்கு உசிதம் தம்பி?" என்று ஓர் அக்கா கேட்டார். சட்டக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் பேச வேண்டிய கேள்வி அது. நாட்டின் அரசியலமைப்பை வரைய 1956இல் அமைந்த ரீட் ஆணையத்தின் வரைவில் கட்டுப்பாடுகளுக்கு முன்னால் "நியாயமான" என்ற சொல் இருந்தது. ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்களில் ஒருவரான நீதிபதி அப்துல் ஹமீது, அந்தச் சொல்லை நீக்க வேண்டும் என்று தம் மறுப்புக் குறிப்பில் எழுதினார். இறுதி வாசகத்தில் அது இல்லை. 2010இல் சிவராசா ராசையா வழக்கில், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், அந்தச் சொல் இருப்பதாகவே கொண்டு படிக்க வேண்டும் என்றது. 2015இல் அஸ்மி ஷாரோம் வழக்கில் அதே நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எங்கள் வரைவு செய்ததெல்லாம் அந்த ஒரு சொல்லைத் திரும்ப வைத்ததுதான். இந்த வரலாற்றை நான்கு வரியில் தாளின் பின்பக்கம் அச்சிட்ட பிறகு வந்த கருத்துகளின் தரமே வேறு. "நியாயம் எது என்று யார் முடிவு செய்வது, நீதிமன்றமா?" என்று ஒருவர் எழுதினார். அதைப் படித்த பிறகுதான் எங்கள் வாசகத்தில் நீதிமன்றத்தைக் குறிப்பிட்டு ஒரு துணைவிதி சேர்ந்தது.

இடறும் இடம் ஒன்று உண்டு, அதை மறைத்துவிட்டு மக்களை அழைக்கக்கூடாது. 1948ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டத்தின் 3(1)(f) பிரிவு நான்கு இடங்களுக்கு வேலி போடுகிறது: அரசியலமைப்பில் குடியுரிமை பற்றிய மூன்றாம் பகுதி, விதி 152, விதி 153, ஆட்சியாளர்களின் இறையாண்மை பற்றிய விதி 181. அவை தரும் உரிமையையோ தகுதியையோ கேள்வி கேட்பது குற்றமாகலாம். அவற்றின் அமலாக்கத்தைப் பற்றிப் பேச இடமுண்டு. அதனால் இந்த நான்கிற்கும் மாற்று வாசகமே எழுதவில்லை. நடுப்பத்தியில் "நடைமுறையில் உங்களுக்கு எங்கே தடங்கல்?" என்று மட்டும் கேட்டோம். விண்ணப்பத்துக்குப் பதில் வர எத்தனை ஆண்டு, எந்தப் பத்திரம் கேட்டார்கள், மறுத்தபோது காரணம் எழுதிக் கொடுத்தார்களா என்று பதில்கள் வந்தன. மனக்குறையைவிட இவை பல மடங்கு பயனுள்ளவை. அச்சுக்குப் போகுமுன் வழக்கறிஞர் ஒருவர் ஒவ்வொரு தாளையும் பார்க்க வேண்டும். கோபத்தில் ஒருவர் சொன்னதைக் குறிப்பெடுப்பவர் தம் நடையில் கூர்மையாக்கி எழுதிவிடக்கூடாது. எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுங்கள்.

அடையாள அட்டை எண் கேட்காதீர்கள். கேட்ட மாத்திரத்தில் பாதிப்பேர் எழுந்துவிடுவார்கள். பெயரும் வட்டாரமும் போதும், அதுவும் விருப்பப்பட்டால். வாட்சாப்பில் வரும் குரல் பதிவுகளை அன்றே எழுத்தாக்கி அனுப்பியவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் போனால் எது எந்த விதிக்கு என்று யாருக்கும் நினைவிருக்காது.

ஒவ்வொரு கருத்துக்கும் எண் கொடுத்தோம். 10-2-3-07 என்றால் விதி 10, உட்பிரிவு 2, மூன்றாம் கூட்டம், ஏழாவது கருத்து. பதிவேட்டில் அதன் எதிரே மூன்றில் ஒன்று: ஏற்றது, மாற்றி ஏற்றது, ஏற்காதது. கடைசி வகைக்குக் காரணம் கட்டாயம் எழுத வேண்டும். அதிக நேரம் பிடிப்பது இந்த வேலைதான். அதிக நன்றி கிடைப்பதும் இதற்குத்தான்.

விதி வாரியாகப் பேசினால் காது கொடுப்பார்கள் என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. 2024 குடியுரிமைத் திருத்தத்தில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான 19B பிரிவைத் தொடும் திட்டம் இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் மார்ச்சில் மசோதா தாக்கலாகுமுன்பே அமைச்சரவை அதை விலக்கிக்கொண்டது. எதிர்த்தவர்கள் பிரிவு எண்ணைச் சொல்லித்தான் பேசினார்கள்.

கடைசிச் சுற்றுக்குக் கூட்டம் நடந்த அதே மண்டபத்துக்குத் திரும்பிப் போங்கள். பதிவேட்டைச் சுவரில் ஒட்டுங்கள். தாங்கள் சொன்னது எந்த எண்ணில் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் விரல் வைத்துத் தேடுவார்கள். அதற்கு அரைமணி நேரம் ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு பேச்சைத் தொடங்குங்கள்.