அகழிக்காரன் பார்த்த சிகிரியா

வேலூர்க் கோட்டையின் அகழியோரமாகவே பள்ளிக்கு நடந்து வளர்ந்தவன் நான். கோட்டை என்றால் மதிலுக்கு முன்பாகத் தண்ணீர்தான் என் நினைவுக்கு வரும். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அக்கோட்டையில் சிறையிருந்து 1832இல் மறைந்தான். பாலாற்றங்கரையில் இருக்கும் அவனது நினைவிடமான முத்துமண்டபத்தைப் பார்த்துப் பார்த்தே அவன் ஊரைக் காணும் ஆவல் எனக்கு வந்தது. கண்டிக்கென்று புறப்பட்ட அப்பயணத்தில் மனத்தில் தங்கிவிட்டதென்னவோ இலங்கையின் பாறைக்கோட்டையான சிகிரியாதான்.

தந்தை தாதுசேனனைக் கொன்று, தம்பி முகலனுக்கு அஞ்சிக் காசியப்பன் இங்கே குடியேறிய கதையை வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள், அதை விடுவோம். அவன் ஆண்ட 477 முதல் 495 வரையிலான பதினெட்டே ஆண்டுகளில், ஏறக்குறைய 180 மீட்டர் உயரப் பாறையின் உச்சியில் அரண்மனையும் அடிவாரத்தில் நீர்த்தோட்டங்களும் எழுந்தன. அத்தோட்டத்தில் வட்டத் துளைகள் இடப்பட்ட சுண்ணாம்புக்கல் பலகைகளின் முன் நெடுநேரம் நின்றேன். நிலத்தடிக் கால்வாய்களில் இறங்கி வரும் நீர், தன் அழுத்தத்தாலேயே அத்துளைகள் வழியாகப் பீறிட்டெழும்படி அமைத்திருக்கிறார்கள். நல்ல மழைக்காலத்தில் அந்த ஊற்றுகள் இன்றும் இயங்குகின்றன. நான் போனது கோடையில் என்பதால் துளைகளை மட்டுமே கண்டேன்.

நீரை வரவழைக்கத் தெரிந்த அந்த மண்ணில் நீரை விலக்கவும் தெரிந்திருந்தது. காசியப்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே துறவிகள் தங்கிய குகைகளின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாதபடி காடி வெட்டியிருக்கிறார்கள். நம் சமணர் குகைகளில் காண்பதும் இதே உத்திதான். மேலே புகழ்பெற்ற பெண்ணோவியங்கள் தப்பியிருப்பதும் பாறை உட்குழிந்து மழையை மறைக்கும் இடத்தில்தான். அவற்றைப் பார்க்க வந்தவர்கள் கண்ணாடிபோல் மெருகேற்றிய சுவரில் கிறுக்கிய கவிதைகளில் 685ஐப் படித்தறிந்து, 1956இல் தொல்லியலாளர் பரணவிதான பதிப்பித்தார். எங்கள் கோட்டைச் சுவர்களில் கிறுக்குகிறவர்கள் கவிதை எழுதுவதில்லை!

ஊர் திரும்பிய பின், ஆம்பூர்ப் பக்கம் மலையாம்பட்டை ஒட்டிய ஆர்மாமலைக் குகைக்குப் போனேன். எட்டாம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் அங்கே பெரும்பாலும் உதிர்ந்துபோய், அண்ணாந்து தேடினால்தான் அகப்படும் சில வண்ணத் திட்டுகளாக எஞ்சியிருக்கின்றன.