‘ஜஸ்ட் ஃபார் எ டே’ கேட்கும் நாட்கள்

மார்ச் 3, திங்கள்
இடது காதின் இரைச்சல் அடங்கவில்லை. மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார். இரவு ஸ்லோடைவ் என்னும் ஆங்கில ராக் குழுவின் முதல் இசைத்தொகுப்பான ‘ஜஸ்ட் ஃபார் எ டே’யை முழுவதும் கேட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்
அதிலுள்ள ‘கேட்ச் த பிரீஸ்’ பாடலில் கேட்கும் மங்கல் பாடலுடையதா, என் காதுடையதா? ஹெட்போனை இடம் வலமாக மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி கேட்டேன். இடது காதுக்கு எட்டாமல் இருந்த கிட்டார் வலது காதில் துல்லியமாக வந்து விழுந்தது. குரல் மட்டும் அப்போதும் மங்கலாகவே இருந்தது. அதை அவர்களே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்த விஷயம். ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் தூக்கம் வரவில்லை.

மார்ச் 6, வியாழன்
இங்கிலாந்தின் ரெடிங் நகரத்துப் பிள்ளைகள் அவர்கள். நீல் ஹால்ஸ்டெடும் ரேச்சல் காஸ்வெலும் சிறு வயது முதல் நண்பர்கள். 1991 செப்டம்பரில் கிரியேஷன் என்னும் சுயேச்சை நிறுவனம் இந்தத் தொகுப்பை வெளியிட்டபோது இருவருக்கும் வயது 20. கிறிஸ்டியன் சாவிலையும் சேர்த்தால் மூன்று கிட்டார்கள். ஒரு மீட்டலின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த மீட்டல் அதன்மேல் படிந்துவிடுவதால், எந்த ஸ்வரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. அந்தப் பெருக்கின் மேலே நிற்காமல் அதற்குள்ளேயே நீலும் ரேச்சலும் பாடுகிறார்கள். மெய்யெழுத்துகள் கரைந்துபோய் உயிரெழுத்துகளின் நீட்சி மட்டும் மிஞ்சுகிறது. சொற்கள் புரியவில்லை என்று இதைக் குறை சொல்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. ராக ஆலாபனையில் யார் சொல்லைத் தேடுகிறார்கள்?

மார்ச் 7, வெள்ளி
இரைச்சல் குறைந்ததுபோல் இருக்கிறது. அதை எழுதவே பயமாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு
குறையவில்லை. 1993இல் வந்த இரண்டாவது தொகுப்பான ‘சூவ்லாக்கி’யை இன்று கொண்டாடுபவர்கள், இந்த முதல் தொகுப்பை அதற்கான ஒத்திகையாகவே பேசுவது எனக்கு வருத்தமளிக்கிறது. முதல் குறுந்தொகுப்புகளைத் தலையில் தூக்கி வைத்த பிரிட்டிஷ் இசை வார இதழ்கள் வெகு விரைவில் முகத்தைத் திருப்பிக்கொண்டன. முதல் தொகுப்பு வந்த அதே 1991 செப்டம்பரில்தான் அமெரிக்காவிலிருந்து நிர்வாணா என்னும் ராக் குழுவின் ‘நெவர்மைண்ட்’ வந்து கவனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 1995இல் மூன்றாவது தொகுப்பு வந்த கையோடு கிரியேஷன் அவர்களைக் கைவிட்டது. 2014இல் அவர்கள் மீண்டும் மேடையேறும் வரை, இந்த ஒன்பது பாடல்களுக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை. ‘கேட்ச் த பிரீஸ்’ முடிவில் குரல்கள் ஓய்ந்தபின் கிட்டார்கள் மட்டும் எழுந்து பெருகும் அந்தப் பகுதியை எழுதியவர்களுக்கு ஒத்திகை தேவைப்பட்டிருக்காது.

மார்ச் 11, செவ்வாய்
செவித்திறன் வரைபடம் கைக்கு வந்தது. வலது காதின் சிவப்பு வட்டங்கள் மேலே ஒரே வரிசையில் நிற்க, இடது காதின் நீலப் பெருக்கல் குறிகள் 2000 ஹெர்ட்ஸில் சரியத் தொடங்கி 4000இல் மிகவும் கீழே இறங்கியிருக்கின்றன. டிரம்ஸ் வாசிக்கும் சைமன் ஸ்காட்டின் சிம்பல்கள், அந்த உலோகத் தட்டுகளின் கூரிய ஒலி, இடப்பக்கம் ஏன் காணாமல் போனது என்பது அந்தத் தாளிலேயே இருக்கிறது. ஆக, சிம்பல்கள் போனது என் காதால். குரலின் மங்கல் அவர்களுடையது. இந்தப் பிரிவினை தெளிவானதில் ஏனோ பெரிய நிம்மதி.

மார்ச் 12, புதன்
‘எரிக்ஸ் சாங்’ கேட்டேன். அது இரண்டு காதுகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கிறது. நாளை காலை மறுபரிசோதனை. வலது காதையும் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.